விளையாட்டு சோறு போடுமா?

"விளையாட்டு சோறு போடுமா?" என்னும் வினா நம் இல்லங்களில் நாள்தோறும் எழுவதொன்று. பந்தும் கையுமாய் நிற்கும் பிள்ளையை நோக்கித் தந்தை கேட்பார். முழங்காலிற் சேறு படிய வீடு திரும்பும் பிள்ளையை நோக்கித் தாய் கேட்பாள். கணக்கிலே தவறிய மாணவனை நோக்கி ஆசிரியரும் கேட்பார். அவ்வாறு கேட்ட ஆசிரியர்களுள் நானும் ஒருவன். அதனை இன்று வாசக அன்பர்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கின்றேன்.

2015ஆம் ஆண்டில் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். தோட்டத்து லயத்திலிருந்து நாள்தோறும் மூன்று மைல் நடந்து வருபவன். கரப்பந்தாட்டத்தில் அவன் வலைக்கு மேல் எழும்பி அடிக்கும் அடியை எதிரணியினர் பார்த்து நிற்பார்களேயன்றித் தடுக்க முனையமாட்டார்கள். அதனினும் சிறந்த பண்பொன்று அவனிடம் இருந்தது. இளைய வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, எவன் எங்கே நிற்க வேண்டும், கையை எவ்வாறு குவிக்க வேண்டும் என்று இருட்டும் வரையிற் பொறுமையோடு சொல்லிக் கொடுப்பான். ஆயினும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிற் கணிதமும் வேறு சில பாடங்களும் அவனைக் கைவிட்டன. உயர்தர வகுப்புக்குச் செல்லும் வழி அடைபட்டது. பெறுபேறு வந்த அன்று என்முன் வந்து நின்றவனைப் பார்த்து, "பந்துக்குக் கொடுத்த நேரத்திற் பாதியைப் புத்தகத்துக்குக் கொடுத்திருந்தால் இப்படி நிற்பாயா? இனி அந்தப் பந்தே உனக்குச் சோறு போடட்டும்" என்றேன். அவன் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. அடுத்த மாதமே கொழும்பில் ஓர் உணவுக்கடைக்கு வேலைக்குச் சென்றுவிட்டான் என்று பிறர் சொல்லக் கேட்டேன்.

சென்ற மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நோர்வூட் நகரில் மஸ்கெலியா பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் பாதை மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்குமாய்ப் பிரியும் சிற்றூர் நோர்வூட் என்பதை அன்பர்கள் அறிவர். ஊன்றுகோல் பிடித்த வெளிநாட்டார் இருவர் வீதியோரமாய் நடந்து வந்தனர். அவர்களுக்கு முன்னே, முதுகில் ஒரு பையும் மார்பில் ஒரு பையுமாக இளைஞன் ஒருவன் வந்தான். என்னைக் கண்டதும் பைகளை இறக்கி வைத்துவிட்டுக் கைகூப்பினான்.

"சேர், என்னைத் தெரியுதா?"

தெரிந்தது. பத்தாண்டு கடந்தும் அந்தத் தோளைத் தெரிந்தது. விருந்தினரைத் தேநீர்க் கடையில் அமர்த்திவிட்டு அவன் தன் கதையைச் சொன்னான். கொழும்பு வாழ்க்கை அவனுக்கு ஒத்துவரவில்லை. தொற்றுநோய்க் காலத்திற் கடை மூடப்பட்டது, ஊருக்குத் திரும்பினான். அதன் பின்னர்த்தான் 'பெக்கோ டிரெயில்' என்னும் நடைவழி நம் பக்கமாய் வந்தது.

இந்நடைவழியைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். தேயிலைத் தரமொன்றின் பெயரைத் தாங்கிய இது, கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானையிலே தொடங்கி, மலைநாட்டைச் சுற்றி வளைத்து, நுவரெலியாவில் முடிவது. 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட இதன் மொத்த நீளம் 300 கிலோமீற்றருக்கும் அதிகமாகும். புதிதாக வெட்டிய பாதையன்று, தேயிலை மூட்டைகளைக் குதிரையிலும் வண்டியிலும் ஏற்றிச் செல்லத் தோட்டங்களில் முன்னர் வகுத்த பழம்பாதைகளே இங்ஙனம் ஒன்றாகத் தொடுக்கப்பட்டன. கொட்டகலையிலிருந்து வரும் கட்டம் நோர்வூட்டில் முடிகின்றது. நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்கு மறு கட்டம் தொடங்குகின்றது. நம் பிள்ளைகள் பாடசாலைக்கும் கோவிலுக்கும் கடைக்கும் நடந்த பாதையிலே இன்று உலகத்தார் விரும்பி நடக்கின்றனர்.

"நல்ல தொழில்தானே தம்பி?" என்றேன்.

அவன் சிரித்தான். "தொழில்னு சொல்ல ஏலாது சேர். லைசன் இருக்கான்னு யாராச்சும் கேட்டா, சாமான் தூக்க வந்தவன்னு சொல்லுவேன். சில நாளைக்கு அட்டை போட்ட கைடு வெளியூர்ல இருந்து வருவாரு. அவருக்குப் பாதை தெரியாது. முன்னால நடந்து வழி காட்டுறது நான்தான். ஆனா எனக்குக் குடுக்குறது தூக்குக் கூலி."

சற்றுநேரம் பேசாதிருந்தவன், பின்னர்க் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "போன வருசம் ஒரு வெள்ளக்கார அம்மா ஓடையில வழுக்கி விழுந்துட்டாங்க சேர். கை ஒடஞ்சு போச்சு. நான் என் துண்ட எடுத்து இறுக்கிக் கட்டுனேன். கூட வந்தவரு பதறிப்போய் அத அவுத்துட்டு, ரெண்டு குச்சிய வெட்டி அவரே பக்குவமாக் கட்டுனாரு. எனக்குப் பாதை தெரியும் சேர். விழுந்தவங்களுக்கு என்ன செய்யணும்னு தெரியாது. அன்னைக்கு ரொம்ப வெக்கமாப் போச்சு."

அவ்வெட்கம் அவனுக்கு உரியதன்று என்று அக்கணமே எனக்குத் தோன்றியது. சொல்லிக் கொடுக்காதவர்களுக்கே அது உரியது.

வழி தெரிவது வேறு, வழிகாட்டுதலைத் தொழிலாகக் கொள்வது வேறு. நம் பிள்ளைகளுக்கு முன்னது பிறப்போடு வாய்த்திருக்கின்றது. எந்த மலையின் குறுக்குப்பாதை மழையில் வழுக்கும், எந்த மரத்திற் குளவிக்கூடு தொங்குகின்றது, எந்தக் காட்டோரத்தில் அந்தி வேளையிற் சிறுத்தை நடமாடும் என்பனவெல்லாம் கொழுந்தெடுக்கும் தாயின் பின்னே நடந்தே அவர்கள் அறிந்தவை. எனினும் பயிற்சியோடு கூடாத அறிவுக்கு ஊதியம் கிடைப்பதில்லை, கூலியே கிடைக்கும். காயத்துக்கு முதலுதவி செய்தல், வரைபடமும் திசையறி கருவியும் கொண்டு வழியறிதல், வானத்தின் குறிப்பறிந்து பயணத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று துணிதல், பத்துப்பேரை ஒருவர் தவறாது கூட்டிச் சென்று கூட்டி வருதல், பிறமொழியிலே தெளிவாகப் பேசுதல் ஆகியவற்றை ஒருவன் முறையாகக் கற்றுச் சான்றிதழும் பெற்றால், நேற்றுவரை சுமை தூக்கியவனே இன்று வழிகாட்டியாகின்றான்.

இஃது வெறும் கற்பனையன்று. நம்மைப் போலவே தேயிலை விளையும் மலையூராகிய டார்ஜிலிங்கில் நடந்த வரலாறு. டென்சிங் நோர்கே என்னும் இளைஞர் பிழைப்புத் தேடி அவ்வூருக்கு வந்து, 1935ஆம் ஆண்டில் எவரெஸ்ட் நோக்கிச் சென்ற ஆங்கிலேயக் குழுவொன்றுடன் சுமை தூக்குபவராகப் புறப்பட்டவர். 1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் ஹிலாரியுடன் அம்மலையின் உச்சியில் நின்றார். அதன் பின்பு நடந்ததே நமக்கு வேண்டிய பாடம். அவருக்கு மாலை சூட்டிப் புகழ்ந்ததோடு இந்திய நாடு அமையவில்லை. 1954ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றக் கல்வி நிலையம் தோற்றுவிக்கப்பட்டது. அங்கே களப்பயிற்சியின் முதல் இயக்குநராக டென்சிங்கே அமர்ந்தார். சுமை தூக்கிய கை கற்பிக்கும் கையாயிற்று.

அந்நிலையத்திற் பயிற்சி பெற்றவர்களுள் நம் நாட்டுப் பெண்மணி ஒருவரும் உளர். 2016ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையர் ஜயந்தி குரு உதும்பால. ஆடவர் எவருக்கும் முன்னதாக ஒரு பெண்ணே அங்கே நம் நாட்டுக் கொடியை ஏந்தினார் என்பதை, 'மலையேற்றம் பெண்பிள்ளைக்கு எதற்கு?' என்று கேட்கும் பெற்றோர் மனத்திற் கொள்வாராக.

வெளிநாடுகளில் இத்தகைய பயிற்சியைப் பாடசாலைக் கல்வியின் ஓர் அங்கமாகவே அமைத்துள்ளனர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், உயர்வகுப்பு மாணவர் விளையாட்டும் வெளிக்களப் பொழுதுபோக்கும் சார்ந்த தொழிற்பாடத்தைக் கற்று, அதனைத் தம் இறுதிச் சான்றிதழுக்கே கணக்கிற் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் உடற்பயிற்சிப் பயிற்றுநராவதற்கான பாடமொன்றை மாணவர்க்கு வைத்திருக்கின்றது.

நம் நாட்டிலும் வாயில் திறந்தேயிருக்கின்றது. நம்மிற் பலர் அதனை அறியாதிருக்கின்றோம். உறுதிப்படுத்தப்பட்ட பதின்மூன்று வருடக் கல்வித் திட்டம் 2017ஆம் ஆண்டில் 42 பாடசாலைகளிலே தொடங்கப் பெற்று, பின்னர் மேலும் பல பாடசாலைகளுக்கு விரிந்தது. சாதாரண தரப் பெறுபேறு எவ்வாறிருப்பினும் மாணவன் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சென்று தொழிற்பாடத் துறையிற் கற்கலாம் என்பதே அதன் உயிர்நாடி. அத்துறைக்கென வகுக்கப்பட்ட 26 பாடங்களுள் உடற்கல்வியும் விளையாட்டும் ஒன்று; சுற்றுலாவும் விருந்தோம்பலும் மற்றொன்று; சூழற்கல்வி வேறொன்று. முதலிற் பாடசாலையிலே பொதுப்பாடங்களோடு தொழிற்பாடங்களைக் கற்று, அதன்பின் தொழிற்பயிற்சி பெற்று, தேசிய தொழிற்றகைமையின் நான்காம் மட்டச் சான்றிதழை நோக்கி மாணவர் செல்ல வழியுண்டு. 'என்.வி.கியூ.' என்று வழக்கிற் சொல்லப்படுவது இதுவே. அது ஏழு மட்டங்களைக் கொண்ட ஏணி. பட்டத்துக்கு நிகரான ஏழாம் மட்டம்வரை ஏறலாம்.

என் மாணவன் பெறுபேற்றுத் தாளோடு என்முன் நின்ற நாளில் இவ்வாயில் இல்லை. இன்று இருக்கின்றது. இருந்தும், பரீட்சையிற் பின்தங்கிய பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்பும் வழக்கம் நம் தோட்டங்களில் நிற்கவில்லை.

விளையாட்டைத் தொழிலாகக் கற்பதென்றால் எல்லாரும் முத்தையா முரளிதரனாக வேண்டும் என்று சிலர் எண்ணுகின்றனர். அதனாலேயே 'ஆயிரத்தில் ஒருவனுக்குத்தான் அது வாய்க்கும்' என்று ஒதுக்கி விடுகின்றனர். முரளிதரனின் வரலாற்றையே எடுத்துக் கொள்வோம். 1920ஆம் ஆண்டிலே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து வந்தவரின் பேரன் அவர். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியிற் படித்த நாளிலே வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதினான்கு வயதாயிருக்கையிற் பாடசாலைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ, சுழற்பந்து வீசுமாறு அவரைத் திருப்பிவிட்டார். 2010ஆம் ஆண்டில் அவர் ஓய்வு பெற்றபோது டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் அவர் கணக்கில் இருந்தன. அந்த 800க்கும் பின்னே ஒரு பயிற்றுநரின் கண் இருக்கின்றது. முரளிதரன் ஒருவரே. அத்தகைய கண்ணுடைய பயிற்றுநரோ ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒருவர் வேண்டும்!

ஆட்டக்காரனைச் சுற்றி எத்தனையோ தொழில்கள் இருக்கின்றன. பயிற்றுநர், நடுவர், உடற்பயிற்சிக்கூடப் போதகர், மைதானப் பராமரிப்பாளர், நீச்சற் பயிற்றுநர், உயிர்காப்பாளர், விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை செய்வோரின் உதவியாளர் எனப் பட்டியல் நீளும். மேலே படிக்க விரும்புவோர்க்குக் கொழும்பிலே தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகம் இருக்கின்றது. உயர்தரத்திற் சித்தியெய்தியோர்க்குச் சபரகமுவைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியிலே பட்டப்படிப்பும் உண்டு. மாலை இருட்டும் வரையிற் சிறுவர்க்குக் கரப்பந்தாட்டம் சொல்லிக் கொடுத்த என் மாணவனிடம் இருந்தது பயிற்றுநரின் இயல்பு. நான் அதனை வீண்பொழுது என்று கண்டேன். பரீட்சைத் தாளைப் பார்க்கப் பழகிய கண் பிள்ளையைப் பார்க்கத் தவறிவிட்டது.

நோர்வூட்டில் அமரர் சௌமியமூர்த்தி தொண்டமானின் பெயரைத் தாங்கிய மைதானம் ஒன்றுண்டு. 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையக மக்களிடையே உரையாற்றியது அங்கேதான். 2020ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் ஆறுமுகன் தொண்டமானுக்கு இறுதி விடை கொடுத்ததும் அங்கேதான். பெருங்கூட்டங்களைக் கண்ட அம்மண் ஒவ்வொரு மாலையும் பயிற்சி பெறும் பிள்ளைகளையும் காண வேண்டும். மைதானத்தின் பெருமை கூட்டத்தின் தொகையில் இல்லை. அங்கே ஓடிப் பழகிய கால்களின் தொகையிலே இருக்கின்றது.

இனி, பெற்றோரின் தடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று என் மாணவன் விடைபெறும்போது ஒரு வேண்டுகோள் விடுத்தான். "அக்கா மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறா சேர். ஓட்டத்துல மாகாண மட்டத்துக்குப் போனவ. அவளையாச்சும் அந்தப் பாடத்துல சேத்துவிடுங்க. அக்காதான் வேணாம்னு நிக்கிறாங்க. நீங்க வந்து பேசுனா கேப்பாங்க." மறுவாரமே அவர்கள் லயத்துக்குச் சென்றேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த களைப்போடு அத்தாய் எனக்குத் தேநீர் தந்தார். நான் சொன்னவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பின்பு ஒரே வினாவை எழுப்பினார்.

"நாங்க ஏறி எறங்குன மலை பத்தாதா வாத்தியாரையா? படிச்ச புள்ளையும் மலைதான் ஏறணுமா?"

வாசக அன்பர்களே, இவ்வினாவை எளிதாக எண்ணிவிடாதீர்கள். இதிலே நான்கு தலைமுறையின் முழங்கால் வலி இருக்கின்றது. மலையைவிட்டு இறங்குவதே முன்னேற்றம் என்று அத்தாய் எண்ணினால் அவரைக் குறை கூற நமக்கு உரிமை ஏது? "நீங்கள் ஏறியது கூலிக்கு ஏறிய மலை அம்மா, உங்கள் மகள் ஏறப்போவது அறிவோடு ஏறும் மலை" என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார். "அறிவோட ஏறுனாலும் அட்ட கடிக்கத்தானேங்கையா செய்யும்" என்றார். அதற்கு நானும் சிரித்தேன், விடை சொல்ல இயலவில்லை.

அவர் அச்சத்திற் பாதி நியாயமே. சுற்றுலாவை மட்டும் நம்பிய தொழில் நிலையற்றது என்பதை இந்நாடு கண்டறிந்திருக்கின்றது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தபோதும், 2020இல் தொற்றுநோய் பரவியபோதும், 2022இல் பொருளாதாரம் வீழ்ந்தபோதும் விருந்தினர் வரவு ஒடுங்கியது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் பக்கத்து மலைப்பாதைகளில் நடப்போரும் குறைவர். ஆகவே பிள்ளைகள் ஒரே கிளையைப் பற்றித் தொங்கும்படி நாம் பயிற்றலாகாது. முதலுதவி கற்றவர் நடைவழியில் மட்டுமன்றிப் பாடசாலையிலும் தொழிற்சாலையிலும் வேண்டப்படுவார். விளையாட்டுப் பயிற்சி கற்றவர்க்கு மழைக்காலத்திலும் வேலை உண்டு. மண்சரிவு நேர்ந்து வீதிகள் அறுபடும் நாளிற் பாதையும் மீட்புமுறையும் அறிந்த இளைஞர் பத்துப்பேர் ஒரு தோட்டத்தில் இருந்தால், வெளியுதவி வந்து சேருமுன்னரே அவர்களால் உயிர்கள் காப்பாற்றப்படும்.

ஊதியத்துக்கு அப்பாலும் ஒன்றுண்டு. நடைவழியில் வரும் விருந்தினர்க்கு நம் மலையின் கதையைச் சொல்பவர் யார்? 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட கதையை எல்லா வழிகாட்டிகளும் சொல்வர். நடைவழியும் அவ்வூரை ஊடறுத்தே செல்கின்றது. ஆனால் அந்த மலையை வெட்டித் திருத்தியவர்களின் கதையை அவர்கள் பேரப்பிள்ளையைவிட நன்றாகச் சொல்பவர் எவர்? நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தனர். பலர் நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். அவர்கள் வருகையின் 200 ஆண்டு நிறைவை முன்னிட்டு, 2023ஆம் ஆண்டு யூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மீண்டும் நடந்து சென்றனர். நடந்து வந்த குலம் நாம். அவ்வரலாற்றைக் கொழுந்துக் கூடையோடு எடுத்த புகைப்படமாக மட்டும் பிறர் கொண்டு செல்ல விடுவதா, நம் பிள்ளைகளின் வாயால் நிமிர்ந்து சொல்ல வைப்பதா என்பதும் இக்கல்வியில் அடங்கிய வினாவேயாகும்.

எனவே ஒரு சில சொற்களை உரியவர் முன் வைக்கின்றேன்.

பெற்றோரே, பெறுபேறு வந்தவுடன் பிள்ளையைக் கடைக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். அண்மையில் எப்பாடசாலையிலே தொழிற்பாடத் துறை நடைபெறுகின்றது, அங்கே எந்தெந்தப் பாடங்கள் தமிழிற் கற்பிக்கப்படுகின்றன என்பதை அதிபரிடமோ ஹட்டன் வலயக் கல்வி அலுவலகத்திலோ நேரிற் சென்று கேளுங்கள். 'பெயிலானவர்களின் வகுப்பு' என்று பிறர் சொல்வதைக் கேட்டு மனம் சுருங்காதீர்கள். எவ்வகுப்பாயினும், வெளியே வரும்போது கையிலுள்ள திறமையைக் கொண்டே உலகம் மதிக்கும்.

மாணவச் செல்வங்களே, விளையாட்டுப் பாடம் என்றவுடன் படிப்பிலிருந்து விடுதலை என்று துள்ளிக் குதிக்காதீர்கள். உடலின் அமைப்பு, உணவின் அளவு, வயதுக்கேற்ற பயிற்சி, ஆட்டவிதிகள், பதிவேடு வைக்கும் முறை ஆகிய யாவும் கற்க வேண்டியவை. வழிகாட்டியாக விரும்புவோர் ஆங்கிலமும் சிங்களமும் பேசப் பழகுக. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இன்றி அத்தொழிலில் இறங்காது, அதற்குரிய படிகளை அறிந்து முறையாகப் பெறுக.

ஆசிரிய நண்பர்களே, கணிதத்தில் வீழ்ந்த பிள்ளைக்கு நாம் சொல்லும் ஒரு சொல் அவன் பத்தாண்டை வளைத்துவிடும். நான் சொன்ன சொல்லை என்னால் மீளப் பெற இயலவில்லை. நீங்களேனும் சொல்லுமுன் சிந்தியுங்கள்.

அந்தத் தாயிடம் நான் விடைபெற எழுந்தபோது அவர் வாசல்வரை வந்தார். சிறிது தயங்கி நின்று, "ஒண்ணு கேக்கட்டுங்களா வாத்தியாரையா? அந்தப் படிப்புல நீச்சல் கத்துக் குடுப்பாங்களா?" என்றார்.

ஏன் என்று வினவினேன்.

"எங்க டிவிசன்ல ஒரு பையன் தண்ணியில போயிட்டான். எம்மகனோட ஒண்ணாப் படிச்ச புள்ள. கரையில பத்துப் புள்ளைக நின்னுச்சுக, ஒருத்தருக்கும் நீந்தத் தெரியல. நீச்சல் கத்துக் குடுப்பாங்கன்னா சேத்துவிடுங்க. மலை ஏறுனாலும் பரவாயில்ல."

நம் நிலையை எண்ணிப் பாருங்கள். பொகவந்தலாவைப் பக்கமிருந்து கெசல்கமு ஓயா இறங்கி வந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிறைக்கின்றது. மஸ்கெலியாவிலே மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் பரந்து கிடக்கின்றது. இவ்வீர் ஆறுகளும் கூடிக் களனி கங்கையாகிச் செல்லும் கித்துல்கலையிலே, நுரைத்தோடும் நீரில் ரப்பர்ப் படகு செலுத்த உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். அவர்களை ஏற்றிச் செல்லும் நீர் நம் லயத்தைத் தொட்டுச் சென்ற நீர். அந்நீரின் கரையிலே பிறந்து வளரும் நம் பிள்ளைகளிற் பெரும்பாலோர்க்கு நீந்தத் தெரியாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் கப்பல் மூழ்கியபோது இளம் மாலுமிகள் உயிர்தப்பும் பயிற்சியின்றி மாண்டதைக் கண்டே, 1941ஆம் ஆண்டில் கூர்ட் ஹான் என்னும் கல்வியாளர் வேல்ஸ் நாட்டுக் கடலோரத்தில் 'அவுட்வார்ட் பவுண்ட்' என்னும் வெளிக்களப் பயிற்சிப் பள்ளியை நிறுவத் துணைநின்றார். உயிர் காக்கும் கல்வியாகவே அவர்கள் அதனைத் தொடங்கினர். உலகெங்கும் அது பரவியது பின்னர்.

இவ்வளவும் கற்றறிந்த எனக்கு, அந்தத் தாயின் வினாவுக்கு 'ஆம்' என்று சொல்ல முடியவில்லை. பொருத்தமான நீச்சற்குளத்துக்கும் பயிற்றுநருக்கும் எங்கே போவது? "கேட்டுச் சொல்கிறேன் அம்மா" என்று மட்டுமே கூறி வந்தேன்.

கேட்டுவிட்டேன். கல்வி அதிகாரிகளும், பிரதேச சபையினரும், தோட்ட நிருவாகத்தினரும், மலையகத்தின் பெயரால் வாக்குப் பெற்றோரும் இதைப் படிப்பார்களாயின், இவ்வினா இனி அவர்களுடையது. பிள்ளை சேர்வதற்கு இன்னும் சில மாதங்களே இருக்கின்றன. அந்த லயத்து வாசலுக்கு நான் மறுபடியும் செல்ல வேண்டும்.